காட்டலும் காணலும்: பிறர் ஆற்றலை அறியும் பயிற்சியின் மெய்யியல்

மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வீட்டுப் பராமரிப்பிலும் பணிபுரிவோர் பெறும் பயிற்சி நெடுங்காலமாகக் குறைகளை அறியும் பயிற்சியாகவே இருந்து வந்துள்ளது. எந்த உறுப்பு பழுதுபட்டது, எந்தச் செயலை நோயாளி தாமாகச் செய்ய இயலாது, எந்த ஆபத்து அவரைச் சூழ்ந்துள்ளது என்று வரிசையாகக் கேட்டு, விடைகளைப் படிவத்தில் நிரப்பி, அவற்றைக் கொண்டு உதவியின் அளவை வகுப்பதே திறமான பணி எனக் கருதப்பட்டது. இதற்கு மாற்றாகக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள போக்கினை 'அவரவர்க்கு ஏற்ற, ஆற்றல்வழி ஆதரவு' எனலாம். 'அவரவர்க்கு ஏற்ற' என்பது, ஒரே நோயுடைய இருவருக்கும் ஒரே திட்டத்தை வகுக்காமல், ஒவ்வொருவரின் வாழ்க்கை, விருப்பம், சுற்றம் ஆகியவற்றிலிருந்து திட்டத்தைத் தொடங்குவதைக் குறிக்கும். 'ஆற்றல்வழி' என்பது, இழந்தவற்றின் பட்டியலிலிருந்து புறப்படாமல், எஞ்சி நிற்கும் திறன், பட்டறிவு, உறவு, நம்பிக்கை ஆகியவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு உதவியை அமைப்பதைக் குறிக்கும்.

இப்போக்கு பெரும்பாலும் நிர்வாகத்தின் மொழியிலும் பயிற்சிக் கையேடுகளின் மொழியிலுமே பேசப்படுகிறது. ஆயினும் அதன் அடியில் மூன்று மெய்யியல் வினாக்கள் கிடக்கின்றன. ஒருவரிடம் இருப்பதாகக் கூறப்படும் ஆற்றல் உண்மையில் எங்கே இருக்கிறது, அவருக்குள்ளா அல்லது அவரைக் காண்பவரின் பார்வையிலா என்பது முதலாவது. எந்த ஆற்றலும் புலப்படாத ஒருவருக்கு மதிப்பு எதிலிருந்து வருகிறது என்பது இரண்டாவது. பிறர் ஆற்றலைக் காணும் கண்ணைப் பயிற்சியால் உண்டாக்க முடியுமா என்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று பின்னியவை. இரண்டாவதற்குத் தவறான விடை கூறினால், மூன்றாவதற்கு எவ்வளவு நேர்த்தியான பாடத்திட்டம் வகுத்தாலும் அது வழிதவறும்.

போக்கின் தோற்றம்

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில், சார்ல்ஸ் ராப்பும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1980களின் தொடக்கத்தில், கடுமையான மனநோயுடையோர் மருத்துவமனைக்கு வெளியே வாழ்வதற்கான ஆதரவு முறை ஒன்றை உருவாக்கினர். நோயின் பெயரை ஒதுக்கி வைத்து, நோயுடையவர் எதில் ஈடுபாடு உடையவர், முன்பு என்ன தொழில் செய்தார், யாரை நம்புகிறார், அடுத்து என்ன வேண்டுகிறார் என்று கேட்பதே அம்முறையின் அடிப்படை. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் சாலிபி 1992இல் தொகுத்து வெளியிட்ட நூல், இதனைச் சமூகப் பணி முழுமைக்குமான ஒரு நோக்காக விரித்தது. 2012இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழி'ல் மைக்கேல் பேரியும் சூசன் எட்ஜ்மன்-லெவிட்டனும் எழுதிய கட்டுரை, நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்கும் மருத்துவர், அவருக்கு எது முக்கியம் என்றும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பின்னர் பல நாடுகளின் மருத்துவப் பயிற்சியில் இவ்வினா இடம்பெற்றது.

இப்போக்கினைச் சட்டமாகவும் அரசுத் திட்டமாகவும் மாற்ற முயன்ற நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், ஒருவரின் நலவாழ்வைத் தீர்மானிக்க அவரே மிகத் தகுதியானவர் என்னும் எண்ணத்திலிருந்தே உள்ளாட்சி நிர்வாகம் தொடங்க வேண்டும் என விதித்தது. 2019இல் தேசிய சுகாதார சேவை வெளியிட்ட திட்டம், கூடி முடிவெடுத்தல், பராமரிப்புத் திட்டத்தை உடனிருந்து வகுத்தல், தெரிவுரிமை, சமூகப் பரிந்துரை, தன்னைத் தானே பேணுவதற்கான துணை, தனிநபர் சுகாதார நிதி என ஆறு கூறுகளை வகுத்தது. இவற்றுள் சமூகப் பரிந்துரை என்பது, தனிமையாலோ கடனாலோ துயரத்தாலோ வாடுபவரை மாத்திரையோடு மட்டும் அனுப்பிவிடாமல், தோட்டக் குழு, பாட்டுக் குழு, கடன் ஆலோசனை போன்ற உள்ளூர்த் துணைகளோடு இணைப்பதாகும். இத்தகைய பணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புப் பணியாளர்களை நியமிக்கவும் திட்டமிடப்பட்டது. பணியாளர்களுக்கான பயிற்சியை நெறிப்படுத்த 2020இல் ஒரு தனி நிறுவனமும் தொடங்கப்பட்டது. ஆக, ஒரு சிறு குழுவின் நம்பிக்கையாக இருந்த ஒன்று, நாடளாவிய பாடத்திட்டமாயிற்று. பாடத்திட்டமானதும், அது எதைக் கற்பிக்கிறது என்னும் கேள்வி கூர்மை பெற்றது.

பண்டை நூல்களில் நோயாளியின் இடம்

நோயாளியைச் சிகிச்சையின் பொருளாகக் கருதாமல் சிகிச்சையின் ஓர் உறுப்பாகக் கருதும் சிந்தனை இன்று புதிதாகத் தோன்றியதன்று. சரக சங்கிதை மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் உண்டெனக் கூறி, மருத்துவன், மருந்து, பணிவிடை செய்பவன், நோயாளி என்னும் வரிசையில் அவற்றை எண்ணுகிறது. ஒவ்வொரு பாதத்துக்கும் நான்கு குணங்களையும் வகுக்கிறது. நோயாளிக்குரியவையாக அது கூறுவன நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்கும் திறன் ஆகியவை. நோயாளிக்கு ஆற்றல் உண்டு என்பதும், அந்த ஆற்றல் இன்றிச் சிகிச்சை நொண்டும் என்பதும் அங்கே ஏற்கப்பட்டுவிட்டன. ஆயினும் அவ்வாற்றல்களுள் ஒன்று கீழ்ப்படிதல் என்பதையும் மறத்தலாகாது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் நான்கு கூறுகளையே எண்ணுகிறது. ஆனால் வரிசை வேறு. அங்கே நோயுற்றவர் முதலில் வருகிறார். நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்யும் உழைச்செல்வான் ஆகியவை பின் வருகின்றன. அதற்கு முந்தைய குறளும் மருத்துவர் கருத வேண்டியவற்றுள் நோயுற்றவரின் அளவை முதலிலும் நோயின் அளவை அடுத்தும் காலத்தை இறுதியிலும் வைக்கிறது. யாப்பின் தேவையால் அமைந்த வரிசை என்று இதனைத் தள்ளிவிடவும் கூடும். ஆயினும் இரண்டு குறளிலும் நோயுற்றவரே முன்னிற்பது, நோயை அளப்பதற்கு முன் ஆளை அறிய வேண்டும் என்னும் கருத்துக்கு இடமளிக்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கு கூறுகளையும் நந்நான்காக விரிக்கும்போது, நோயுற்றவரின் பண்புகளுள் நோய்நிலை உணர்த்தலையும் மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலையும் கூறுவதோடு, மருத்துவர் வழி நிற்றலையும் பொருளுடைமையையும் சேர்க்கிறார். பொருள் இல்லாதவர் நல்ல நோயாளியாகவும் இருக்க முடியாது என்னும் கசப்பான உண்மை அவ்வுரையில் அடங்கியுள்ளது; ஆற்றல் என்று எண்ணப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் வசதியே என்பதை அது நினைவூட்டுகிறது.

பௌத்தர்களின் விநய பிடகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்ட புத்தர், அவரைக் கவனிப்பவர் யாரும் இல்லையா என்று வினவுகிறார். தாம் மற்றப் பிக்குகளுக்கு எவ்வகையிலும் பயன்படாததால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்று அவர் விடை கூறுகிறார். ஆனந்தரின் துணையோடு புத்தரே அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில் இல்லாத துறவியர் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கேட்டு, நோயாளியைப் பேணுவதைத் தமக்குச் செய்யும் தொண்டாகவே கொள்ளுமாறு பணிக்கிறார். பேணுபவர்க்குரிய பண்புகளாக அந்நூல் மருந்து ஆக்கும் திறனையும் ஏற்றது ஏலாதது அறிதலையும் கூறுவதோடு, ஊதியம் கருதாமல் அன்பினால் செய்தலையும், கழிவை அகற்ற அருவருக்காமையையும், நல்லுரையால் ஊக்குவித்தலையும் கூறுகிறது. பயனில்லாதவர் என்று தம்மையே கருதிக்கொண்ட ஒருவரை முன்னிறுத்தித்தான் இவ்விதி பிறந்தது என்பது, பின்வரும் விவாதத்துக்கு இன்றியமையாதது.

கிறித்தவ நற்செய்தி நூல்களிலும் இதற்கிணையான ஒரு நுட்பம் உண்டு. மாற்குவின் நற்செய்தியில் எரிகோ நகர வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, அவருடைய குறை எல்லார்க்கும் வெளிப்படையாக இருந்தும், தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டுமென விரும்புகிறார் என்று இயேசு அவரிடமே கேட்கிறார். விடை தெரிந்த வினாவை ஏன் கேட்க வேண்டும் என்பதே இங்கு எண்ணத்தக்கது. பர்த்திமேயு அதுவரை பிச்சை கேட்பவராகவும், கூட்டத்தால் அடக்கப்படுபவராகவும் இருந்தார். அந்த வினாவால் தம் விருப்பத்தைச் சொல்லும் உரிமை பெற்றவராகிறார். பார்வை திரும்புவதற்கு முன்பே அவருக்கு ஒன்று திரும்பிவிடுகிறது.

ஆற்றல் புலப்படாதவர்

ஆற்றல்வழி ஆதரவின் மீது எழுப்பத்தக்க தடைகளுள் வலிமையானது ஒன்று உண்டு. ஒருவரிடமுள்ள ஆற்றலைக் கண்டு மதிக்க வேண்டும் என்று பயிற்றுவிக்கும்போது, மதிப்புக்கு ஆற்றலே காரணம் என்னும் பாடமும் மறைமுகமாகக் கற்பிக்கப்படுகிறது. ஓவியம் தீட்டத் தெரிந்த, நகைச்சுவையாகப் பேசத் தெரிந்த, மீண்டெழத் துணிந்த நோயாளி இம்முறையில் ஒளிர்வார். பேச்சும் அசைவும் அற்றுக் கிடப்பவரும், எரிந்து விழுபவரும், வாழவே சலித்தவரும் இரண்டாம் முறையாகத் தோல்வியுறுவர். முன்பு உடலால் குறையுடையவராக இருந்தவர், இப்போது ஆற்றலாலும் குறையுடையவராவார்.

தமிழில் இச்சிக்கல் ஒரு சொல்லிலேயே வெளிப்படுகிறது. ஊனமுற்றோர் என்னும் சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்னும் சொல்லைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. இழிவுச் சொல்லொன்று நீங்கியது பெரும் நன்மையே. ஆயினும் அச்சொல், ஒரு திறன் குறைந்தால் வேறொரு திறன் ஈடாக இருக்கும் என்னும் எதிர்பார்ப்பையும் உடன் கொண்டுவருகிறது. ஈடாக எந்தத் திறனும் வாய்க்காத குழந்தையின் தாய்க்கு அச்சொல் ஆறுதலாகவும் இருக்கலாம், சுமையாகவும் இருக்கலாம்.

மேலை மெய்யியலில் இமானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறநெறி நூலில், விலையுடையவற்றை ஈடு செய்ய வேறொன்று உண்டு, மாண்புடையதற்கு ஈடில்லை என்று பிரித்தார். மாண்பு திறனின் அளவைப் பொறுத்ததன்று என்பது இதனால் தெளிவாயினும், அவர் அம்மாண்பினைப் பகுத்தறிவின் மேல் நிறுத்தியதால், பகுத்தறிவு புலப்படாதவர் நிலை ஐயத்துக்கு இடமாயிற்று. அறிவு வளர்ச்சிக் குறைபாடு மிக்க மகளை வளர்த்த அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, சார்ந்து வாழ்தல் மனித வாழ்வின் விதிவிலக்கன்று, அதன் இயல்பு என்று 1999இல் வெளியான தம் நூலில் வாதிட்டு, அறிவாற்றலை மாண்புக்கு அளவுகோலாக்குவதை மறுத்தார். அதே ஆண்டில் மெய்யியலாளர் அலஸ்டேர் மக்கின்டயரும், பிறரைச் சார்ந்திருத்தலை ஒப்புக்கொள்வதே அறப்பண்புகளுள் ஒன்று என்று எழுதினார்.

பராமரிப்புத் துறைக்குள்ளிருந்தே இவ்வினாவை எதிர்கொண்டவர் இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட். மறதிநோய் எனப்படும் டிமென்ஷியா பற்றி 1997இல் அவர் வெளியிட்ட நூல், ஆள் தன்மை என்பது நினைவாற்றலால் வருவதன்று, உறவில் பிறர் ஒருவருக்கு அளிக்கும் நிலை என்று வரையறுத்தது. அந்நிலையைச் சிதைக்கும் அன்றாடச் செயல்கள் பதினேழினையும் அவர் பட்டியலிட்டார். நோயாளி பின்தொடர முடியாத வேகத்தில் பேசுவது, அவரைக் குழந்தையாக நடத்துவது, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசுவது போன்றவை அவற்றுள் அடங்கும். இவற்றைச் செய்வோர் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர் என்பதையும் அவர் வலியுறுத்தினார். ஆயினும் அவருடைய வரையறையில் ஓர் இடைவெளி உள்ளது. பிறர் அளிப்பதாலேயே ஆள் தன்மை உண்டாகும் எனில், பிறர் அளிக்க மறுக்கும் இடத்தில் அது இல்லாமற் போகும். கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தப் பிக்கு, புத்தர் வரும்வரை ஆளாகவே இல்லை என்றாகிவிடும். அளிக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும், அளிக்கப்படுவதற்கு முன்பே உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்னும் இவ்விரட்டை நிலையை விளக்கும் ஒரு மெய்யியல் தேவைப்படுகிறது.

காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும்

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை மூலமாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிரின் இயல்பைப் பற்றிக் கூறுவன இவ்விடத்துப் பயன்படத்தக்கவை. அச்சாத்திரம் வீடுபேற்றைப் பற்றியதே அன்றி நோயாளிப் பராமரிப்பைப் பற்றியதன்று; எனவே அதனை இங்கு ஆள்வது ஒப்புமை அளவிலேயே ஆகும். சித்தாந்தத்தின்படி உயிர் இச்சை, அறிவு, செயல் என்னும் ஆற்றல்களைத் தன் இயல்பிலேயே உடையது. ஆயினும் அவை ஆணவம் என்னும் மலத்தால், அதாவது மறைக்கும் அழுக்கால், மூடப்பட்டுள்ளன. ஆணவம் மட்டுமே முழுதும் மூடி நிற்கும் நிலை கேவலம் எனப்படும். அந்நிலையில் உயிர் எதையும் விரும்பாது, அறியாது, செய்யாது. ஆயினும் அது சடப்பொருள் ஆகிவிடுவதில்லை, உயிராகவே இருக்கிறது. ஆற்றல் வெளிப்படாமையும் ஆற்றல் இன்மையும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாடு, மேற்கூறிய தடைக்கு நேரான விடையாகிறது. ஒருவரிடம் ஆற்றலைத் தேடுவது, அவர் மதிக்கத்தக்கவர் என்பதற்குச் சான்று சேர்ப்பதற்காக அன்று; அவர் ஏற்கெனவே மதிக்கத்தக்கவர் என்பதாலேயே தேடப்படுகிறது. தேடிக் கிடைக்காவிட்டாலும் தேடுதற்குரிய காரணம் கெடுவதில்லை.

கேவலத்திலிருந்து உயிர் வெளிப்படுவதற்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் ஆகியவற்றை, அதாவது உடல், உட்கருவிகள், வாழும் உலகம், நுகர்பொருள் ஆகியவற்றை அளிக்கிறான் என்பது சித்தாந்தக் கொள்கை. இவை விடியும்வரை இருளில் உதவும் விளக்குப் போன்றவை. விளக்கு கண்ணுக்குப் பார்வையைத் தருவதில்லை, இருக்கும் பார்வை செயற்பட வழி செய்கிறது. சக்கர நாற்காலியும், படங்களைத் தொட்டுப் பேச உதவும் பலகையும், பழகிய வீடும், தெரிந்த முகமும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கவை. பேச்சிழந்தவர் முன் படப்பலகையை வைத்த பின் அவர் தம் விருப்பத்தைக் காட்டினால், அவ்விருப்பத்தைப் பலகை உண்டாக்கியது என்று யாரும் கூறார். பலகை வரும்வரை அவருக்கு விருப்பமே இல்லை என்று கூறுவதும் அதே அளவு பிழையாகும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் என்பது இன்னொரு கொள்கை. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிரும் தான் சார்ந்திருப்பதன் தன்மையைப் பெறுகிறது. சுமை என்று கருதப்படும் முதியவர் நாளடைவில் சுமையாகவே நடந்துகொள்வதும், முடிவுகள் அனைத்தும் பிறரால் எடுக்கப்படும் இல்லத்தில் வாழ்வோர் எதையும் முடிவெடுக்க இயலாதவராவதும் இதனால் விளங்கும். கிட்வுட் கண்டதும் இதுவே. ஆனால் பளிங்கு சிவந்து தோன்றும்போதும் பளிங்காகவே இருப்பதால், அவருடைய வரையறையில் இருந்த இடைவெளி இங்கு அடைபடுகிறது: உறவு ஒருவரின் வெளிப்பாட்டை நிறம் மாற்றும், அவர் இருப்பை ஆக்கவோ அழிக்கவோ செய்யாது.

இவ்விரண்டையும் விடக் கூர்மையானது சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரம் கையாளும் உவமை. கண் பொருளைக் காண வேண்டுமாயின் உயிர் கண்ணோடு கூடிநின்று அதனைக் காணச் செய்வதுடன், தானும் உடன் காண வேண்டும். இறைவனும் உயிர்க்கு அவ்வாறே காட்டியும் உடன் கண்டும் உதவுகிறான். 18ஆம் நூற்றாண்டுச் சிவஞான முனிவரின் பேருரை மரபில் இவை காட்டும் உபகாரம் என்றும் காணும் உபகாரம் என்றும் பிரித்து விளக்கப்படுகின்றன. பயிற்சி பெற்ற பணியாளர் எளிதில் கற்பது முதலாவதை மட்டுமே. நோயாளிக்கு வழியைக் காட்டுவார், வாய்ப்புகளை எடுத்துரைப்பார், அவருடைய திறனையும் அவருக்கே சுட்டிக்காட்டுவார். ஆனால் தாம் அறிந்ததை அவர் காண வேண்டும் என்றே எதிர்பார்ப்பார். அவர் காண்பதைத் தாமும் உடனிருந்து காண்பது, அதாவது அவருடைய வீடும் அச்சமும் ஆசையும் அவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றனவோ அவ்வாறே தம் கண்ணுக்கும் தோன்ற இடங்கொடுப்பது, அரிதாகவே நிகழ்கிறது.

ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. சித்தாந்தத்தில் உதவுபவன் மலமற்றவன். பராமரிப்பில் உதவுபவரும் உதவி பெறுபவரும் ஒரே ஆணவத்தால் மூடப்பட்டவர்கள். நோயை முற்பிறவி வினையோடும் மறைப்பினோடும் முடிச்சிட்டு நோயாளியைக் குற்றவாளியாக்குவதற்கு இங்கு இடமே இல்லை. ஏனெனில் மறைப்பு இருபாலார்க்கும் பொது. சாத்திரத்தில் அறிவை மறைக்கும் மலத்துக்கும், வழக்குத் தமிழில் செருக்குக்கும் ஆணவம் என்னும் ஒரே பெயர் வழங்குவது பொருத்தமானது. நோயாளியின் ஆற்றலை மறைத்து நிற்பவற்றுள் அவருடைய நோய் ஒன்று. அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்னும் பணியாளரின் உறுதி மற்றொன்று. முதலாவதைக் குறைப்பது மருத்துவம். இரண்டாவதைக் குறைப்பதே ஆற்றல்வழிப் பயிற்சியின் உண்மையான பொருள்.

பயிற்சியாக இறங்கும்போது

இக்கருத்தின் வழியே நோக்கினால், பயிற்சிமுறைகளுள் எவை ஏன் பயன் தருகின்றன என்பது தெளிவாகும். ஊக்கமூட்டும் நேர்காணல் என்பது உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் விவரித்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக விரித்த உரையாடல் முறை. குடிப்பழக்கம் போன்றவற்றை விட்டொழிக்கத் தயங்குவோரிடம் அறிவுரை கூறாமல், மாற்றத்துக்கான காரணங்களை அவர்கள் வாயிலிருந்தே வரச்செய்வது அதன் நோக்கம். விரிந்த விடைக்கு இடந்தரும் வினா, உண்மையான பாராட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தல், தொகுத்துரைத்தல் ஆகிய நான்கும் அதன் கருவிகள். ஆனால் அதனைக் கற்பிப்போர் முதலில் எச்சரிப்பது, தவறானதைக் கண்டவுடன் திருத்தத் துடிக்கும் பணியாளரின் இயல்பான உந்துதலைப் பற்றியே. அவ்வுந்துதல் நல்லெண்ணத்திலிருந்து பிறப்பது. அதனாலேயே அடக்குவதற்கு அரியது.

அடக்கம் ஒருநாள் வகுப்பில் வருவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2001இல் மில்லரும் உடனாய்வாளர் ஒருவரும் வெளியிட்ட சிறு ஆய்வில், பட்டறை ஒன்றில் பயின்ற பணியாளர்கள் தம் திறன் பெரிதும் வளர்ந்துவிட்டதாகக் கூறினர். அவர்களுடைய உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டபோது மாற்றம் சிறிதளவே இருந்தது, அவர்களிடம் வந்தவர்களின் மறுமொழியில் வேறுபாடு உண்டாகும் அளவுக்கு அது போதவில்லை. 2004இல் வெளியான விரிவான ஆய்வு, பட்டறையைத் தொடர்ந்து, பதிவைக் கேட்டுக் கூறும் கருத்தும் வழிகாட்டலும் கிடைத்தவர்களிடமே திறன் நன்கு நிலைத்ததைக் காட்டியது. பயிற்சியால் முதலில் வளர்வது தன்னம்பிக்கையே, திறன் அதன் பின்னரே மெல்ல வளர்கிறது என்னும் இம்முடிவு, ஆணவத்தைப் பற்றி மேலே கூறியதற்கு ஆய்வுலகத்தின் சான்றாகவே அமைகிறது. அறப்பண்பு கற்பதால் மட்டும் வருவதன்று, திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது என்றும், எந்நிலையில் எது தகும் என்று தேர்வது பட்டறிவால் முதிரும் ஒரு தனி அறிவு என்றும் அரிஸ்டாட்டில் கூறியதும் இதனோடு ஒத்துப்போகிறது.

எனவே பயிற்சியின் எடை, புதிய படிவங்களைக் கற்பிப்பதிலிருந்து, பணியாளர் தம் சொல்லைத் தாமே கேட்டுப் பார்ப்பதற்கு நகர வேண்டியுள்ளது. அவர் எழுதும் குறிப்பே அதற்கு எளிய இடம். நோயாளி ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எழுதப்பட்ட வரியை, காலை ஏழு மணிக்குக் குளிக்க அவர் விரும்பவில்லை, பகல் பதினொரு மணிக்குத் தாமே குளித்தார் என்று திருத்தி எழுதும்போது நடப்பது மொழிநயம் சார்ந்த மாற்றமன்று. முதல் வரியில் இல்லத்தின் நேர அட்டவணை மறைந்திருந்தது. இரண்டாவதில் அது வெளிப்படுகிறது. தடை நோயாளியிடம் இருந்ததா அல்லது ஏற்பாட்டில் இருந்ததா என்று அடுத்த பணியாளர் கேட்க முடிகிறது.

ஏற்பாடு மாறும்போது ஆற்றல் வெளிப்படுவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, மனநல நிலையங்களில் நெடுங்காலம் தங்கிவிட்டவர்களைச் சிறு குழுக்களாக ஊர்களுக்கு நடுவே சாதாரண வீடுகளில் குடியமர்த்தும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015இல் தொடங்கியது. உடனிருந்து உதவுவோர் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் பெறாதவர்கள். சந்தைக்குச் செல்லுதல், சமைத்தல், அண்டை வீட்டாருடன் பேசுதல் போன்றவை நிலையத்துக்குள் அளக்கப்பட முடியாத திறன்கள். அவற்றை அளப்பதற்கு முதலில் ஒரு சந்தையும் அடுப்பும் அண்டை வீடும் இருந்தாக வேண்டும். சித்தாந்தத்தின் மொழியில், புவனம் அளிக்கப்படாமல் உயிரின் செயலாற்றலைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது தவறு.

எல்லைகள்

இந்நோக்கு எளிதில் திரிபடையக்கூடியது என்பதையும் கூற வேண்டும். 2010க்குப் பின் இங்கிலாந்தில் உள்ளாட்சிகளின் நிதி சுருங்கிய காலத்தில், ஒருவரிடமுள்ள ஆற்றலையும் அவருடைய குடும்பத்தையும் அண்டை வீட்டாரையும் சுட்டிக்காட்டி, அரசு அளிக்க வேண்டிய உதவியைக் குறைக்க ஆற்றல்வழி மொழி பயன்படுகிறது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பரிமேலழகர் எண்ணிய பொருளுடைமை இங்கு வேறு உருவில் திரும்பி வருகிறது: மகளும் மருமகளும் உள்ளவர் ஆற்றல் மிக்கவராகவும், அதனால் உதவி தேவையற்றவராகவும் பதிவாகிறார். அந்த மகள் தன் வேலையை விட்டாளா என்பது படிவத்தில் இடம்பெறுவதில்லை. ஆற்றலைத் தேடும் கண், தேவையைக் காணாமலிருக்கக் கற்ற கண்ணாக மாறினால், அது குறையை மட்டும் கண்ட பழைய கண்ணைவிடக் கொடியது. பழைய கண் குறைந்தபட்சம் உதவியின் கடமையை ஒப்புக்கொண்டது.

தன் விருப்பத்துக்கும் தன் நன்மைக்கும் இடையே முரண் எழும் இடம் மற்றோர் எல்லை. இருமுறை வழுக்கி விழுந்த எண்பது வயதுப் பெண் ஒருவர் தம் வீட்டிலேயே தனித்து வாழ விரும்பினால் பணியாளர் என்ன செய்வது? இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், அறிவற்றதாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை முடிவெடுக்கும் திறனற்றவராகக் கருதலாகாது என்றும், அவரே முடிவெடுப்பதற்கு இயன்ற துணை அனைத்தையும் அளித்த பின்னரே வேறு முடிவுக்கு வர வேண்டும் என்றும் கூறுகிறது. ஆயினும் சட்டம் இடங்கொடுப்பதாலேயே பணியாளர் கைகழுவிவிட்டு விலகிக்கொள்ள முடியாது. காணும் உபகாரம் இங்குதான் சோதிக்கப்படுகிறது. அவர் ஏன் அவ்வீட்டை விட மறுக்கிறார் என்பதை அவர் கண்ணால் கண்ட பின், விழுவதைக் குறைக்கும் கைப்பிடியையும் வெளிச்சத்தையும் அண்டை வீட்டாரின் மாலை வருகையையும் அவரோடு சேர்ந்து ஏற்பாடு செய்வதும், எஞ்சிய ஆபத்தை அவரோடு சேர்ந்து சுமப்பதும் ஆகிய இவை அவரைக் கட்டாயப்படுத்துவதும் அல்ல, கைவிடுவதும் அல்ல.

இறுதியாக, பணியாளர் நிலை. கண்டறியப்படாத ஆற்றலுக்கு நோயாளி மட்டுமே உரியவர் அல்லர். குறைந்த ஊதியத்தில், ஒரு வீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று வகுக்கப்பட்ட நேரத்தில், தம் குறிப்புகளில் விடுபட்டவற்றுக்காக மட்டுமே அழைத்து விசாரிக்கப்படும் பணியாளரிடம், பிறர் ஆற்றலைக் காணுமாறு கூறும் பயிற்சி, அவர் நடத்தப்படும் முறைக்கு எதிரான ஒன்றைக் கோருகிறது. சார்ந்ததன் வண்ணமாதல் அவருக்கும் பொருந்தும்: குறைகளின் கணக்காகவே நோக்கப்படுபவர், தம் கையில் ஒப்படைக்கப்பட்டவரையும் குறைகளின் கணக்காகவே நோக்கப் பழகுவார். குறள் எண்ணிய நான்கு கூறுகளுள் உழைச்செல்வானும் ஒருவர். கருவிகளின் பட்டியலில் வைக்காமல், நோயுற்றவரையும் மருத்துவரையும் எண்ணிய அதே எண்ணிக்கையில் வைத்து அவரையும் எண்ணியதால், நோயுற்றவரைக் காணும் கடமை அவருக்கு இருப்பது போலவே, அவரைக் காணும் கடமை அவரைப் பணிக்கு அமர்த்தியவர்க்கும் உண்டாகிறது. பாடத்திட்டம் தொடங்க வேண்டிய இடம் அக்கடமையே.